கண் தெரியாத என் மகள் டோச்சுக்கு

மடுல்கெல்லை மேல்பிரிவு வாழ் பெருமக்களின் மேலான கவனத்திற்கு: இன்று காலை ஆறு மணிக்குச் சற்று முன்பாக, எங்கள் மாட்டுப்பட்டியின் மூன்றாவது கட்டுத்தறியில் நின்றிருந்த பசு ஒன்று தும்மியது. தும்மல் ஒன்றே ஒன்றுதான். உயிர்ச்சேதம் எதுவுமில்லை. அப்பா அப்போதுதான் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டை மட்டும் படுகாயமடைந்து சவர்க்காரத் தண்ணீரில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. சம்பவம் தொடர்பாக எவரும் கைதாகவில்லை. சந்தேகநபர் ஒன்றும் நடக்காததுபோல அசை போட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சந்தேகநபர் நீதான், டோச்சு. நான் உன் அப்பன். எனக்கு வயது பதினேழு, உனக்கு இரண்டரை. கணக்கு இடிக்கிறது என்று யாராவது சொன்னால் அம்மாவிடம் கேட்கச் சொல். உன்னைப் பெற்ற மாடு மூன்றாம் நாளே காய்ச்சலில் செத்துப்போனது. சோடாப் போத்தலில் ரப்பர் காம்பை மாட்டி உனக்குப் பால் கொடுத்தவன் நான். அதைப் பார்த்த அம்மா, "ஒரு வேலய ஒழுங்கா செய்ய மாட்டான், இப்ப புள்ள வளக்குறானாம். இனிமே நீதான்டா இதுக்கு அப்பன்" என்றாள். அம்மா வாயால் சொன்னது தோட்டத்தில் பதிவுத்திருமணத்தை விட உறுதியானது. மாட்டைப் பார்க்கப் போய் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் கண்டிக்கு இறங்குகிறேன். குண்டசாலையில் சித்தி வீட்டில் தங்கி உயர்தர வகுப்பு படிக்கப்போகிறேன். உயர்தரம் படிக்க எதற்கப்பா மலையை விட்டுக் கீழே இறங்க வேண்டும் என்று கேட்டேன். அப்பா முறைத்தார். நீ இன்னும் சினையாகவில்லை, அவர்தான் தினமும் சினமாகிறார். எப்படியோ, ஊரை விட்டுப் போகிற அப்பன் வளர்ந்த மகளுக்கு நாலு வார்த்தை எழுதி வைப்பது முறை. வாசிக்க உனக்குக் கண் இல்லை என்று குறையாக நினைக்காதே. கண் இருக்கிற மற்ற ஆறு மாடுகளும் இதுவரை ஒரு வரி வாசித்ததில்லை. பால் கறக்கும்போது சத்தமாக வாசித்துக் காட்டுவதாக அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாள். அப்பாவும் பக்கத்தில் இருப்பார். இருக்கட்டும். இதில் அவருக்குத் தெரியாத விசயம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

பிறந்து இரண்டாம் வாரம் நீ தண்ணீர் வாளியில் போய் மோதினாய். அடுத்த நாளும் அதே வாளி. மூன்றாம் நாள் வாளியை இடம் மாற்றி வைத்தேன், மாற்றிய இடத்திலும் மோதினாய். மாட்டு டாக்டர் வந்து உன் கண்ணுக்கு நேராகக் கையை ஆட்டினார், டோச் லைட் அடித்துப் பார்த்தார். "பொறவியிலயே பார்வ இல்ல. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. சாப்பிடும், சின புடிக்கும், பால் குடுக்கும். சாமான்கள எடம் மாத்தாம வச்சீங்கன்னா சமாளிச்சுக்கும்" என்றார். அவர் டோச் அடித்த அந்தக் கணத்தில்தான் உனக்குப் பெயர் வைத்தேன். அம்மா தலையில் கை வைத்தாள். "கண்ணு தெரியாத சீவனுக்கு டோச்சுன்னு பேரு வைக்கிறானே, வெளங்குவானா இவன்?" ஆனால் அடுத்த வாரமே அவளும் "டோச்சு, அம்மா வர்றேன்" என்று சொல்லிக்கொண்டுதான் பட்டிக்குள் நுழைந்தாள். உன்னைத் தொடுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும், அது சட்டம். பக்கத்தில் போஞ்சிக்காய்த் தோட்டம் வைத்திருக்கிற செல்லையா மாமா, ஒரு மனிதரிடமும் பணிந்து பேசாத ஆள், "நான்தாம்மா செல்லையா" என்று உன்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே வருவதைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருப்பேன்! குரல் கொடுக்காமல் உன்னைத் தொடுகிறவன் எவனாக இருந்தாலும் உதைத்துவிடு, மகளே. பொலிஸ் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

பட்டிக்குள் நீ ராணி. வெளியேதான் பயம். பட்டியிலிருந்து மேய்ச்சலுக்குப் போவது ஒற்றையடிப்பாதை. அதன் இடப்பக்கம் முழுக்கக் கான் ஓடுகிறது, மலையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்க வெட்டிவிட்டது, ஆள் ஆழம் இருக்கும். கானுக்கு அப்பால் செல்லையா மாமாவின் போஞ்சி. பாதை முடிந்தால் ரோட்டு, தேயிலைக் கொழுந்து லொறியும் பஸ்ஸும் வளைவில் திரும்பி திடுமென்று வரும். ரோட்டைத் தாண்டினால் காடாகிப்போன பழைய தேயிலை மலை. அங்கே மானாப்புல், வயிறு நிறையப் புல் மீல்ஸ். இந்த வழியை உனக்குக் காட்டியது ஒரு மணி. மந்தைக்கு முன்னால் போகிற கிழட்டு மூக்காயியின் கழுத்தில் அதைக் கட்டினோம். மணி நடந்தால் நீ நடப்பாய், மணி நின்றால் நிற்பாய். முதலில் கயிற்றோடு பின்னாலேயே வந்தேன். ஒரு வருசத்தில் கயிறு தேவைப்படவில்லை. கண் உள்ள மாடுகள் பாதையை விட்டு அங்குமிங்கும் போகும், நீ போகமாட்டாய். மணிச்சத்தத்தை நம்பியது போல இந்த உலகத்தில் நீ எதையும் நம்பியதில்லை.

இனி எழுதப்போவது சிரிக்கிற விசயம் இல்லை. எழுதாமல் தப்பிக்க நாலு தரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நம் மந்தையில் சண்டி என்று ஒருத்தி இருக்கிறாள், உனக்கு வாசனையில் தெரியும். கானைத் தாண்டிக் குதித்துப் போஞ்சிக் கொடியைத் தின்பதுதான் அவள் தொழில். செல்லையா மாமா தினமும் வந்து, "மருமகனே, ஒங்க மாடு திங்கிறது போஞ்சி இல்ல, என் உசுரு" என்று சண்டை பிடிப்பார். எனக்கு ஒரு யோசனை வந்தது. பொலிஸ் ஜீப்புக்கு சைரன் இருக்கிறது, திருடனுக்கும் ஒன்று கட்டிவிட்டால் என்ன? மூக்காயியின் மணியைக் கழற்றிச் சண்டியின் கழுத்தில் கட்டினேன். அவள் கணகணவென்று திருடப் போவாள், மாமா கம்போடு ஓடி வருவார், நான் மேட்டில் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். எல்லாவற்றையும் யோசித்தேன். அந்த மணிக்குப் பின்னால் நீ வருவாய் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

சண்டி பாதை நடுவிலேயே இடப்பக்கம் திரும்பிக் குதித்தாள். மணி காற்றில் ஒரு தரம் கணீரென்றது. நீ தலையைத் திருப்பினாய். ஒரு அடி வைத்தாய். அந்த ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நேரம் இருந்தது, டோச்சு. "நில்லு" என்று கத்தியிருந்தால் நீ நின்றிருப்பாய், என் குரலுக்கு நிற்பாய். என் வாய் சிரிப்பால் நிரம்பியிருந்தது. அடுத்த அடியில் தரை இல்லை.

நீ விழுந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை. முதல் நாள் பெய்த மழையில் கானில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. நான் ஓடினேன். எங்கே ஓடினேன் தெரியுமா? உன்னிடம் இல்லை. கானின் ஒடுங்கின இடத்தில் தாண்டிப் போய்ச் சண்டியைப் பிடித்து மணியை அவிழ்த்து, திரும்பி வந்து மூக்காயியின் கழுத்தில் கட்டினேன். முடிச்சு விழவில்லை, இரண்டாம் தரம் போட்டேன். அதற்குப் பிறகுதான் கானுக்குள் குதித்து உன் தலையைத் தூக்கிப் பிடித்து, "அப்பா! அப்பா!" என்று கத்தினேன்.

அப்பா, அம்மா, செல்லையா மாமா, லயத்து வீடுகளிலிருந்து இன்னும் இரண்டு பேர். வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்து, கயிறு போட்டு, சேற்றில் சறுக்கிச் சறுக்கி இழுத்தார்கள். "தலைய எறக்காதடா, மூக்குல தண்ணி போகுது!" என்று அம்மா அலறினாள். "முன்னங்காலு மடங்கிக் கெடக்கு, பாத்து, பாத்து!" என்றார் மாமா. நீ ஒரு சத்தமும் போடவில்லை. மூச்சு மட்டும் என் கழுத்தில் சூடாக வந்து வந்து போனது. மேலே ஏற்றிப் போட்டபோது ஐந்து பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கால் முறியவில்லை, பிசகியிருந்தது. அப்பா மூக்காயியின் கழுத்தைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். "மணி இங்கதான் இருக்கு. மூக்காயி பாதையிலதான் நிக்கிறா. அப்புறம் ஏன்டா இது கானுக்குள்ள போச்சு?"

"தெரியலப்பா" என்றேன். என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். சிரிப்பே வராத பொய் அது ஒன்றுதான்.

உன் கால் சரியாகி நீ எழுந்து நடந்த அன்று மாலை, அப்பா பால் வாளியைப் பார்த்தபடி சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீயும் போயிருவ. பின்னால நடக்க ஆள் இல்ல. இன்னொரு தரம் விழுந்தா இழுக்க முடியாது. கெலிஓயா பக்கத்துல இருந்து வர்ற மாட்டு யாவாரிகிட்ட சொல்லிட்டேன்." கண் தெரியாத மாட்டை வளர்க்கவென்று யாரும் வாங்குவதில்லை. யாவாரி ஏற்றிப் போனால் நீ எங்கே போய்ச் சேர்வாய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பத்து நாள் குடுங்கப்பா. ஆளே இல்லாம தானா போய்த் தானா வர்ற மாதிரி பழக்கிக் காட்டுறேன்" என்றேன். "நீயா?" என்றார். "நான்தான்." "சரி. பத்தாவது நாள் யாவாரி வருவாரு. அவரு முன்னாலயே நடக்கட்டும்."

பத்து நாள் என்ன, ஒரு நாளிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். உனக்கு வழி தெரியும், மணி தெரியும். மறுநாள் காலை மூக்காயி கழுத்தை அசைத்தாள், மணி அடித்தது. நீ நாலு காலையும் ஊன்றி நின்றாய். தோல் முழுக்கத் துடித்தது. நான் தள்ளினேன், இழுத்தேன், கெஞ்சினேன், சீனியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். மணி இன்னொரு தரம் அடித்தது, பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாய். இரண்டாம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாளும் அப்படியே. நீ முட்டாள் இல்லை. ஒரு தரம் ஏமாற்றிய சத்தத்தை இன்னொரு தரம் நம்ப நீ தயாராக இல்லை, அவ்வளவுதான். அப்பாவுக்கு அது புரியவில்லை. "மணி கேட்டா ஏன்டா இப்பிடி நடுங்குது? கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று ஏழாம் நாள் கேட்டார். உன்னைக் கிறுக்கு என்றார், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புக்கு ஒன்னுமில்ல. என்னமோ பண்ணி வச்சிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் மாலை, அப்பா மூக்காயியிடம் பால் கறந்துகொண்டிருந்தார். நான் உன் பக்கத்தில் நின்றேன். உன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு பேசினால்தான் குரல் வரும் போலிருந்தது.

"அப்பா, அன்னிக்கு மணி மூக்காயி கழுத்துல இல்ல."

பால் பீச்சுகிற சத்தம் நிற்கவில்லை. "பின்ன?"

"சண்டி கழுத்துல இருந்துச்சு. நான்தான் மாத்திக் கட்டினேன். வெளாட்டுக்கு."

சத்தம் நின்றது. "நாங்க வந்து பாக்கையில மூக்காயி கழுத்துலதானே கெடந்துச்சு?"

"திரும்ப மாத்திட்டேன்."

"எப்ப?"

நான் முகத்தை உன் கழுத்தில் புதைத்துக்கொண்டேன். அவர் மெதுவாகத் திரும்பினார். "அது தண்ணியில கெடக்கையிலயா?"

அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். எழுந்து வந்து, "டோச்சு, அப்பா வர்றேன்" என்று உன்னிடம் குரல் கொடுத்துவிட்டு உன் நெற்றியைத் தடவினார். "இத்தன நாளா ஒன்னயக் கிறுக்குன்னு நெனச்சேன். மணி போன எடத்துக்குத்தான் நீ போயிருக்க." என்னிடம் அவர் பேசியது ஒரே பேச்சு. "நீ உண்மைய சொன்னதால அதுக்குப் பயம் போயிராது. வழியில நடக்கலன்னா நாளைக்கு அது வண்டியிலதான் போகும். என்னால வேற ஒன்னும் பண்ண முடியாது." பால் வாளியோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது பத்தாம் நாள். இதை நான் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் உன் அப்பனின் அறிவு முழுதாக வெளிப்பட்ட நாள் அது. மணிதானே உன்னைப் பயமுறுத்துகிறது? மணியையே எடுத்துவிட்டேன். மூக்காயியின் கழுத்து மொட்டை. அம்மா பட்டிக் கதவைத் திறந்தாள். யாவாரி ரோட்டோரத்து மதகுக் கட்டில் உட்கார்ந்திருந்தார், அப்பா கயிற்றோடு பக்கத்தில். மூக்காயி வெளியே வந்தாள். சத்தமே இல்லை. நீ கதவடியில் நின்று மூக்கை நீட்டினாய், காற்றை இழுத்தாய்.  பிறகு நீ முன்னே வந்து, மூக்காயியின் இடுப்பெலும்பின் மேல் உன் தாடையை வைத்தாய். அப்படியே, அவளோடு ஒட்டிக்கொண்டே, கானோரமாக, கால் ஒரு விரற்கடை கூடப் பிசகாமல் நடந்தாய்.

ரோட்டுக்கு வந்தபோதுதான் வினை. மூக்காயி தார் மேல் கால் வைத்து இறங்கிவிட்டாள், வளைவில் கொழுந்து லொறி திரும்பிற்று. அவள் ஓடிக் கடந்துவிட்டாள். உன் தாடை வெறுங்காற்றில் நின்றது. நீ ரோட்டு நடுவில். டிரைவர் பிரேக்கை மிதித்தான், லொறி முக்கி முனகி உனக்கு நாலு முழம் தள்ளி நின்றது. அப்பா கயிற்றைத் தூக்கினார். யாவாரி அவர் கையைப் பிடித்தார். "இருங்க தம்பி. என்ன செய்யுதுன்னு பாப்பம்." எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. நீ நடுங்கவில்லை. தலையைத் தூக்கி ஒரு தரம் கத்தினாய். அந்தப் பக்கத்திலிருந்து மூக்காயி பதில் கொடுத்தாள். நீ தலையைத் தாழ்த்தினாய், நேராக நடந்தாய், ஏறிப் போய்விட்டாய். மாலையில் அதே வழியில் அதே மாதிரி திரும்பியும் வந்தாய். அதுவரை அங்கேயே காத்திருந்த யாவாரி எழுந்து, கட்டியிருந்த சாரத்தைத் தட்டிக்கொண்டு, "இத நான் ஏத்த மாட்டேன் தம்பி. வழி கண்டுபுடிக்கிற மாட்ட வழி மாத்திக் கொண்டுபோனா எனக்குத் தூக்கம் வராது. வையுங்க" என்றார். அப்பா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

மணியைக் கழற்றிவிட்டு மூச்சையும் வாசனையையும் நம்ப வைத்த மேதை யார்? உன் அப்பன். இதற்குப் பட்டம் கொடுப்பதாக இருந்தால் பி.எஸ்சி. போதாது, பசு.எஸ்சி. என்றே ஒன்றைப் புதிதாக உண்டாக்க வேண்டும் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இனி நான் இல்லாத நாட்களில் நீ மூக்காயியை விட்டு விலகாதே. அவளுக்கும் வயதாகிறது, அடுத்து உன் தாடைக்கு இடுப்புத் தரக்கூடியவள் யார் என்று இப்போதே மோந்து வைத்துக்கொள், சண்டியை மட்டும் தேர்ந்தெடுக்காதே. சினை பிடித்துக் கன்று போட்டால் அதற்குக் கண் இருக்கும். கண் இருக்கிறது என்று அது துள்ளினால் பொறுத்துக்கொள், கொஞ்ச நாளில் அதுவே உன்னிடம் ஒட்டிக்கொண்டு நடக்கும். மழை நாளில் கானோரம் வழுக்கும், அவசரப்படாதே.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடத்தான் பேனாவைத் தூக்கினேன். கை வரவில்லை. உன் கழுத்தில் இன்னொரு பொய் மணியைக் கட்டிவிட்டு பஸ் ஏறுவது போலிருக்கிறது. சொல்லிவிடுகிறேன். அம்மா, இங்கிருந்து கொஞ்சம் மெதுவாக வாசி, அப்பாவுக்குத் தெரியாத விசயம் இதுதான்.

மணியை நான் யோசித்துக் கழற்றவில்லை. அந்த ஒன்பதாம் நாள் மாலை அப்பா வீட்டுக்குப் போன பிறகு, என்னைப் பார்க்க எனக்கே பிடிக்காமல், மூக்காயியின் கழுத்திலிருந்து அதைப் பிய்த்துத் தேயிலைக்குள் வீசி எறிந்தேன். மறுநாள் நீ எதைக் கேட்டு நடப்பாய் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. விடிந்த பிறகுதான் உறைத்தது, போய்த் தேடினேன், கிடைக்கவில்லை. அம்மா கதவைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் என் கால்கள் வேறு பக்கம் ஓடின. தாடையை வைத்ததும், ரோட்டு நடுவில் நின்றதும், கத்தியதும், கடந்ததும், மேலே நான் நேரில் நின்று பார்த்தது போல எழுதிய எதையும் நான் பார்க்கவில்லை. எல்லாம் அம்மா சொன்னது. நீயும் மூக்காயியும் உங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, அதில் என் பங்கு ஒரு துளியும் கிடையாது. அந்த நேரத்தில் நான் லயத்துக்குப் பின்னால் கக்கூசுக்குள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றிருந்தேன். லொறி பிரேக் போட்ட சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு காதையும் பொத்திக்கொண்டேன். கதவைத் திறந்து என்ன ஆயிற்று என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் அம்மா வந்துதான் கதவை இடித்தாள்.

"டேய், ஒம் மக ரோட்டத் தாண்டி மேயப் போயி அர மணித்தியாலமாச்சு. நீ எப்படா வெளிய வர்ற?"